இண்டி ஃபோக் குழுவை நேரில் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பெங்களூரிலும் சென்னையிலும் சின்னச் சின்ன இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளுக்குப் போய்வருகிறேன். கூட வர ஆசைப்படும் ஆபீஸ் தோழிகள், சித்தி பெண்கள், ஒருமுறை என் மாமியார் என எல்லோரும் கிளம்புவதற்கு முன் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்ஸாப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

இண்டி ஃபோக்னா என்ன? நம்ம நாட்டுப்புறப் பாட்டா?

பாதி ஆமாம். 'இண்டி' என்றால் சினிமாவையோ பெரிய இசைக் கம்பெனியையோ நம்பாமல் சொந்தக் காசில் பாட்டுப் போடுகிறவர்கள். தமிழில் தனியிசை, சுயாதீன இசை என்கிறோம். 'ஃபோக்' என்பது இந்த இடத்தில் கிட்டார், பாஞ்சோ, மாண்டலின், மவுத் ஆர்கன் மாதிரி மரமும் கம்பியும் காற்றும் பேசும் வாத்தியங்களை வைத்துக்கொண்டு, கதை சொல்வதுபோலப் பாடுகிற முறை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 2000-க்குப் பிறகு வந்த இளைஞர்கள் பழைய ஃபோக் பாணியைத் தங்கள் கதைகளுக்கு எடுத்துக்கொண்டபோது இந்தப் பெயர் நிலைத்தது. ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பாட்டுகளைப் பதிவுசெய்து, 2007-இல் போன் ஈவேர் என்ற பெயரில் தானே வெளியிட்டார். அதற்கு அடுத்த வருடம் சியாட்டிலின் ஃப்ளீட் ஃபாக்ஸஸ், 2009-இல் லண்டனின் மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் என்று முதல் ஆல்பங்கள் வரிசையாக வந்தன.

நம் ஊரில் இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் விரிகிறது. இங்கே கிட்டாரோடு டோலக்கும் வரும், சலங்கையும் வரும், சித்தர் பாட்டும் வரும். எது ஃபோக், எது ஃபோக் ராக், எது ஃப்யூஷன் என்று கறாராகப் பிரிக்க நான் முயன்றதில்லை. பிரித்தவர்கள் கச்சேரியில் பாட்டைக் கவனிக்காமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

நம்ம பக்கம் யார் யாரைப் பார்க்கலாம்?

பெயருக்கு முழுப் பொருத்தமாக இண்டி ஃபோக் என்று சொல்லக்கூடியவர்கள் கொச்சியின் 'வென் சாய் மெட் டோஸ்ட்'. அஸ்வின் கோபகுமார் பாடுவார், அச்யுத் ஜெய்கோபால் கிட்டாரும் பாஞ்சோவும். கீபோர்டு, டிரம்ஸோடு சேர்த்து நாலு பேர். ஆங்கிலத்தில்தான் அதிகம், இடையில் மலையாளம், இந்தி, தமிழ் வரிகளும் வந்துபோகும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவர்களைத்தான். பாட்டுகள் பளிச்சென்று இருக்கும், யாரையும் பயமுறுத்தாது.

கன்னடப் பக்கம் போனால் ரகு தீட்சித் ப்ராஜெக்ட், ஸ்வராத்மா. ரகுவும் ஸ்வராத்மாவின் பாடகர் வாசுவும் அண்ணன் தம்பி. ரகு மைசூரில் பரதநாட்டியம் படித்தவர், லுங்கியும் காலில் சலங்கையுமாக மேடையேறுவார். 2011-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவரை போய்ப் பாடிவிட்டு வந்தார். டெல்லியின் இந்தியன் ஓஷன் 1990-இலிருந்து இருக்கிறார்கள். நம் குழுக்களுக்கெல்லாம் மூத்த அண்ணன்கள். தமிழில் கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன், அப்புறம் கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நிற்கிற தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். கடைசியில் சொன்னவர்களை ஃபோக் என்ற டப்பாவுக்குள் அடைத்தால் அவர்களே சிரிப்பார்கள். ஆனாலும் மண்ணிலிருந்து வந்த இசையைச் சொந்தக் காலில் நின்று பாடுகிறவர்கள் என்ற கணக்கில் இங்கே வைக்கிறேன்.

யூடியூப்ல எல்லாப் பாட்டும் இருக்கே, நேர்ல எதுக்குக் காசு குடுத்துப் போகணும்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. பதிவில் நீங்கள் கேட்பது பல எடுப்புகளிலிருந்து நல்லதாகப் பொறுக்கி ஒட்டிய பாட்டு. நேரில் அந்த நாலு பேரும் அப்போதுதான் அதைக் கட்டுகிறார்கள், உங்கள் கண் முன்னால். டிரம்ஸ்காரர் ஒரு கணம் தாமதித்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பது, இருவரும் சிரிப்பது, அடுத்த வரி அந்தச் சிரிப்போடே வருவது, இதெல்லாம் எந்தப் பதிவிலும் கிடைக்காது.

இன்னொன்று, ஃபோக் குழுக்களின் உயிர் சேர்ந்திசையில் இருக்கிறது. ஒரே குரல் ஒரு ராகத்தில் நடந்துபோகிற வழியைப் பின்தொடர்ந்துதான் நம் காது பழகியிருக்கிறது. இங்கே மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நிற்பார்கள். மூன்றும் சுத்தமாகச் சேரும்போது யாருடைய குரல் எது என்று பிரிக்க முடியாமல் நாலாவதாக ஒன்று கேட்பதுபோல இருக்கும். இயர்போனில் அது 'நன்றாக இருக்கிறது', அவ்வளவுதான். ஒரு அறையில் நின்று கேட்கும்போது கழுத்துக்குப் பின்னால் மயிர் எழுந்துகொள்கிறது. எனக்கு முதல் தடவை அப்படி ஆனபோது ஏசிக் குளிர் என்று நினைத்தேன்.

ஒரு பாட்டு கூடத் தெரியாது. போனா திருதிருன்னு முழிக்கணுமா?

வேண்டாம். போவதற்கு முன் இரண்டு நாள், பஸ்ஸில் போகும்போது அவர்கள் பாட்டில் நாலைந்து கேட்டுவிட்டுப் போனால் போதும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் அடுத்து எது வரும் என்று காத்திருப்பதிலேயே மனசு போய்விடும். ஒன்றுமே கேட்காமல் போனாலும் தப்பில்லை. நான் மிகவும் ரசித்த இரண்டு கச்சேரிகள் அப்படித் தற்செயலாகப் போனவைதான்.

பப்லதானே நடக்கும்? குடிக்கலேன்னா உள்ள விடுவாங்களா?

பெங்களூரில் நிறைய பப்களில் நடப்பது உண்மை. குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை. லெமன் சோடாவோடு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால் டிக்கெட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வயது வரம்பு: 21 என்று போட்டிருந்தால் காலேஜ் படிக்கிற தங்கையை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். இன்னொன்று, 'கவர் சார்ஜ்'. அந்தப் பணத்துக்கு உள்ளே சாப்பிடலாம் என்று சில இடத்தில் இருக்கும், வெறும் நுழைவுக் கட்டணமாகச் சில இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

பப் பிடிக்காதவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. சென்னையில் எழும்பூர் மியூசியம் தியேட்டர், சேத்துப்பட்டு முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம் மாதிரி உட்கார்ந்து கேட்கிற அரங்குகள், கல்லூரி விழாக்கள், மால் முற்றங்கள். ஃபோக் குழுவுக்கு என்னைக் கேட்டால் உட்கார்ந்து கேட்கிற அரங்கம்தான் உசத்தி. மியூசியம் தியேட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடம், மைக் வருவதற்கு முந்தைய காலத்து நாடகங்களை மனதில் வைத்துக் கட்டியது. மெல்லப் பாடினாலும் பின்வரிசைக்கு வந்து சேரும்.

டிக்கெட்ல 7 மணின்னு போட்டிருக்கு. எத்தனை மணிக்குப் போனா சரியா இருக்கும்?

7 என்றால் பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். குழு மேடையேற எட்டு, எட்டரை ஆகலாம். அதற்காக எட்டரைக்குப் போகாதீர்கள், காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

திறந்தவெளி என்றால் கணக்கு வேறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சில விசேஷ நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். அதனால் திறந்தவெளிக் கச்சேரிகள் நேரத்துக்குத் தொடங்கி டாண் என்று முடிந்துவிடும். ஒன்பதே முக்காலுக்கு 'இன்னும் ஒரு பாட்டுதான்' என்று பாடகர் சொன்னால் அது உண்மையிலேயே ஒரு பாட்டுதான்.

போனா யாரோ ஒரு பையன் தனியா கிட்டார் வச்சிட்டுப் பாடிட்டு இருக்கான். தப்பான இடத்துக்கு வந்துட்டேனோ?

சரியான இடம்தான். பெரிய குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு புதியவருக்கு மேடை தருவது வழக்கம். அரங்கம் பாதி காலியாக இருக்கும், இருக்கிறவர்களும் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள், ஒலி சரிசெய்யும் வேலையும் அவர் தலையில்தான் நடக்கும். பாவப்பட்ட வேலை. ஆனால் பிற்பாடு பெரிய குழுவாக வளர்ந்த பலரும் இந்தப் படியில் நின்றவர்கள்தான். சீக்கிரம் போய்க் கேளுங்கள். பிடித்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், 'அவரை நான் முப்பது பேரோடு கேட்டேன்' என்று பின்னால் பீற்றிக்கொள்ளலாம்.

எங்க நின்னா நல்லாக் கேக்கும்? முதல் வரிசைதானே?

பார்ப்பதற்கு முதல் வரிசை, கேட்பதற்கு இல்லை. மேடைக்கு ஒட்டி நின்றால் ஸ்பீக்கர்களின் ஒலி உங்கள் தலைக்கு மேலேயும் பக்கத்திலும் கடந்துபோகும். டிரம்ஸ் நேராகக் காதில் அறையும், பாடுகிறவரின் வார்த்தை எங்கோ கேட்கும். கூட்டத்தின் நடுவில், பெரும்பாலும் பின்பாதியில், பொத்தான்கள் நிறைந்த ஒரு மேசையோடு சவுண்ட் என்ஜினியர் நிற்பார். அவர் தன் காதுக்கு வருவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். சுவர் மூலைகளைத் தவிருங்கள், தாழ்ந்த ஒலியெல்லாம் அங்கே போய்த் தேங்கிக் குமுறும்.

காது வலிக்குமா? எனக்குச் சத்தம்னாலே ஆகாது.

ஃபோக் என்றதும் மெல்லிசை என்று நினைத்துவிடாதீர்கள். டிரம்ஸ் சேர்ந்தால் ராக் கச்சேரி அளவுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நிகழ்விடங்களுக்கு வகுத்த வரையறை சராசரியாக 100 டெசிபல். அது உச்சவரம்பு, சுகமான அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலைகளுக்குச் சொல்லப்படும் கணக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் 100-இல் கால் மணி நேரம்தான்.

காதில் வைக்கும் அடைப்பான் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு போதாது, அது மேல் ஒலியை மட்டும் மழுக்கிப் பாட்டைக் கம்பளிக்குள் சுருட்டிவிடும். இசைக்கென்றே விற்கும் ரப்பர் அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். நான் இரண்டு வருடம் வீம்பாக அது இல்லாமல் போனேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து படுத்த பின்பும் காதுக்குள் 'ஙொய்' என்ற சத்தம் மறுநாள் மதியம்வரை நிற்கவில்லை. அன்றோடு வீம்பு போயிற்று.

ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை கிட்டாரை முறுக்கிட்டே நிக்கிறாங்களே, முன்னாடியே சரி பண்ணிட்டு வர மாட்டாங்களா?

பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். மேடை விளக்கின் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். ஏசி அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்கு வந்தால் கிட்டாரின் மரம் ஈரம் குடித்து உப்பும், சுருதி மறுபடி நகரும். இது போதாதென்று ஃபோக் பாட்டுகளில் பாட்டுக்குப் பாட்டு கம்பிகளின் சுருதியையே மாற்றி வைத்து வாசிப்பதும் உண்டு. அதனால்தான் சிலர் மேடையோரம் மூன்று கிட்டார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள்.

பாஞ்சோவின் கதை இன்னும் சுவாரசியம். அது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய கம்பி வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் தங்கள் ஊர் வாத்தியங்களின் நினைவில் அமெரிக்க மண்ணில் செய்துகொண்டது. அந்த நாளில் நிஜத் தோல். மழை நாளில் தொய்ந்துபோகும். பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுகிறோமே, கஞ்சிராவில் தண்ணீர் தடவிச் சுருதி இறக்குகிறோமே, அதே தோல், அதே பிரச்சினை. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் போர்த்திவிடுகிறார்கள். மம்ஃபோர்ட் போன்றவர்களின் பாட்டில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சலசலப்பு கேட்குமே, அது இந்த வாத்தியம்தான்.

முறுக்குகிற அந்த நேரத்தில்தான் பாடகர்கள் கதை சொல்வார்கள். பாட்டு எப்படி வந்தது, வழியில் எந்த ரயிலைத் தவறவிட்டார்கள் என்றெல்லாம். கச்சேரியின் நல்ல பகுதிகளில் பாதி அங்கே இருக்கிறது.

நடுவுல 'கூ'ன்னு ஒரு ஊளை வந்துச்சே, அது என்ன?

கிட்டாரின் வயிறு ஒரு காலிப் பெட்டி. ஸ்பீக்கர் சத்தம் அதில் புகுந்து அதிர, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, வட்டமடித்து வளர்ந்து ஊளையாகிறது. கிட்டாரின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து வைத்திருப்பது அதைத் தடுக்கத்தான். கோவில் திருவிழா மைக்கில் கேட்டிருப்பீர்கள், அதே ஊளை.

கூடப் பாடலாமா? கை தட்டலாமா?

அவர்கள் கேட்டால் தாராளமாக. கேட்காதபோது பல்லவிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் காசு கொடுத்தது உங்கள் குரலைக் கேட்க அல்ல.

கை தட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் நம் கை இயல்பாக ஒன்றிலும் மூன்றிலும் விழும். இந்தப் பாட்டுகளில் தட்டு பெரும்பாலும் இரண்டிலும் நாலிலும். டிரம்ஸ்காரரின் இடது கை எப்போது விழுகிறது என்று பார்த்து அதோடு தட்டினால் சரியாக இருக்கும். பெரிய மைதானமாக இருந்தால் இன்னொரு வேடிக்கை. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் பின்னால் நிற்பவருக்குப் பாட்டு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகச் சேரும், அவர் தட்டுவது மேடைக்குத் திரும்ப இன்னொரு பங்கு. மேடையில் நிற்பவர் காதுக்குள் கருவி மாட்டித் தங்கள் தாளத்தைத் தனியாகக் கேட்காவிட்டால் நம் கைத்தட்டலில் சறுக்கி விழுவார்.

பக்கத்துல இருக்கிறவங்க பேசிட்டே இருக்காங்க. என்ன பண்றது?

என் பரம எதிரி இது. மெல்லிய பாட்டு நடக்கும்போது 'அந்த ப்ராஜெக்ட் என்ன ஆச்சு மச்சி' என்று பின்னால் ஒரு குரல். முதலில் திரும்பிப் பாருங்கள். போதாவிட்டால் சிரித்துக்கொண்டே 'இந்த ஒரு பாட்டு மட்டும்' என்று கேளுங்கள். இதுவரை யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. அதுவும் பலிக்காவிட்டால் சவுண்ட் மேசைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள், அங்கே கேட்க வந்தவர்கள்தான் நிற்பார்கள்.

இந்தத் தொல்லை தாங்காமல் ஒரு அமைப்பே பிறந்தது. 2009-இல் லண்டனில் ஒரு கச்சேரியில் சுற்றியிருந்தவர்களின் பேச்சும் போனும் பொறுக்காமல் சில நண்பர்கள் வீட்டு வரவேற்பறையில் கச்சேரி வைக்கத் தொடங்கினார்கள். சோஃபார் சவுண்ட்ஸ் என்று பெயர். பாடும்போது பேச்சு இல்லை, போன் இல்லை, கடைசிவரை இருக்க வேண்டும். இடம் கடைசி நேரத்தில்தான் தெரியும், யார் பாடுவார்கள் என்பது போன பிறகுதான். சென்னை, பெங்களூருக்கும் வந்தது. அப்படி ஒரு மொட்டைமாடிக் கச்சேரியில் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண் பாட்டை முடித்ததும் கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரரின் மணி கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுவும் பாட்டோடு சேர்ந்ததுபோலத்தான் இருந்தது.

வீடியோ எடுக்கலாமா?

ஒரு பாட்டு எடுங்கள், போனை உள்ளே வையுங்கள். தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள், பின்னால் நிற்பவர் உங்கள் போன் திரை வழியாகத்தான் கச்சேரி பார்க்க வேண்டியிருக்கும். முழுசாக எடுத்து வைத்த வீடியோக்கள் என் பழைய போனில் நாற்பதாவது இருக்கும். ஒன்றைக்கூடத் திரும்பப் பார்த்ததில்லை.

திடீர்னு மைக்கை விட்டுட்டு மேடை விளிம்புக்கு வந்து சும்மா பாட ஆரம்பிச்சாங்க. கரண்ட் போயிடுச்சா?

இல்லை, வேண்டுமென்றேதான். மின்சாரத்தின் துணை இல்லாமல், வெறும் தொண்டையாலும் மரக் கிட்டாராலும் ஒரு பாட்டு. சில குழுக்கள் கூட்டத்துக்கு நடுவிலேயே இறங்கி வந்துவிடும். மேலே சேர்ந்திசை பற்றிச் சொன்னேனே, அது முழுதாகப் பிடிபடுவது இந்த நேரத்தில்தான். ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாற்காலி இழுக்காதீர்கள், சிப்ஸ் பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

ஒருமுறை நிஜமாகவே கரண்ட் போயிற்று. பெங்களூரில் மழை இரவு, ஜெனரேட்டரும் ஓடவில்லை. நிர்வாகி டார்ச்சோடு அலைந்துகொண்டிருந்தார். குழு கீழே இறங்கி வந்து இருட்டில் மூன்று பாட்டுப் பாடியது. வெளிச்சம் திரும்பியபோது 'ச்சே' என்று யாரோ சொன்னார், எல்லோரும் சிரித்தோம்.

நன்றி சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. யாருமே கிளம்பலையே?

திரும்ப வருவார்கள். நம் ஊர் 'ஒன்ஸ் மோர்' போலத்தான், ஆனால் அதே பாட்டை மறுபடி பாடமாட்டார்கள், மிச்சம் வைத்த பாட்டைப் பாடுவார்கள். இது நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும். மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் பாட்டு வரிசைச் சீட்டில் அந்தப் பாட்டும் எழுதப்பட்டிருக்கும். விளக்கெல்லாம் பளீரென்று எரிந்து, பின்னணியில் வேறு பாட்டு ஓடத் தொடங்கினால் நிஜமாகவே முடிந்தது என்று அர்த்தம்.

டிஷர்ட் விக்கிறாங்க, விலை ஜாஸ்தியா இருக்கு. வாங்கணுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன 'சொந்தக் காசு' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நாம் கேட்கும் பாட்டுக்கு ஒரு தடவைக்குச் சில்லறைப் பைசாதான் போகிறது, அதையும் நாலு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். கச்சேரிக் காசில் சவுண்ட் என்ஜினியர் சம்பளம், பயணம், தங்குமிடம், வாத்தியத்துக்கு விமானத்தில் கூடுதல் சுமைக் கட்டணம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஷர்ட் காசு நேராக அவர்கள் பைக்குப் போகிறது. மேசைக்குப் பின்னால் நின்று விற்பவர் சில சமயம் சற்றுமுன் பாஸ் கிட்டார் வாசித்தவராகவே இருப்பார். பேசலாம். 'மூன்றாவது பாட்டு நன்றாக இருந்தது' என்று குறிப்பாகச் சொன்னால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பொண்ணு தனியா போலாமா அக்கா?

நான் பாதி கச்சேரிக்குத் தனியாகத்தான் போகிறேன். இந்த மாதிரிக் கூட்டம் பொதுவாகச் சாது. திரும்பி வரும் வண்டியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கச்சேரி முடிந்த பத்து நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடுவார்கள். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். யாராவது தொந்தரவு செய்தால் சவுண்ட் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். கூட்டத்தில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற ஊழியர் அவர்தான்.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போனா ரசிப்பாங்களா?

உட்காரும் அரங்கமாக இருந்தால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். நின்றுகொண்டே மூன்று மணி நேரம் என்பது முழங்காலுக்கு ஆகாது. என் மாமியாரை ரகு தீட்சித் கச்சேரிக்கு அழைத்துப்போனேன். ஹோசூர்க்காரர், கன்னடம் தெரிந்தவர். பழைய கன்னடக் கவி சிசுநாள ஷரீஃப் சாகிபின் பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இதை நாங்க ரேடியோவுல கேட்டுருக்கோம்டி, ஆனா இப்படி யாரும் குதிக்கல' என்றார். கைக்குழந்தை என்றால் முதல் கச்சேரி வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு ஹெட்போன் மாதிரிக் காதை மூடும் கவசம் போட்டுக் கூட்டிப்போகலாம்.

நாட்டுப்புறக் கலைஞர்களோட பாட்டை எடுத்து இவங்க கிட்டார் வச்சுப் பாடிக் காசு பார்க்கிறாங்களே, அது சரியா?

கேட்கவேண்டிய கேள்விதான், ஒரே பதில் என்னிடம் இல்லை. ஷரீஃப் சாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கன்னடத் தத்துவக் கவி, கோவிந்த பட்டர் என்ற பிராமண குருவுக்குச் சீடரான முஸ்லிம். அவர் பாட்டு ஊருக்கே பொது. அதைப் பாடி, அவர் பெயரையும் சொல்லி, கன்னடம் தெரியாதவர்களுக்கும் கொண்டுசேர்ப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு கிராமத்துக் கலைஞரிடம் கேட்டு எழுதிக்கொண்ட மெட்டைப் பெயர் சொல்லாமல் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டுவிட்டுப் போவது வேறு. அது நடக்கிறது.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். பாடலின் பின்னால் இருப்பவர் பெயர் மேடையில் சொல்லப்படுகிறதா, முடிந்தால் அவரே மேடையில் இருக்கிறாரா. மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸும் ஆங்கிலேயப் பாடகி லாரா மார்லிங்கும் டெல்லியில் ராஜஸ்தான் நாட்டுப்புறக் கலைஞர்களோடு உட்கார்ந்து பதிவுசெய்து 2010-இல் வெளியிட்டபோது, வெளியீட்டின் பெயரில் அந்தக் கலைஞர்களின் 'தரோஹர் ப்ராஜெக்ட்'டும் சமமாக இடம்பெற்றது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இன்னும் ஒரு படி மேலே. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த அவர்களின் முதல் கச்சேரியில் கானா பாடுகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் விருந்தாளிகளாக வரவில்லை, அவர்கள்தான் குழு. அங்கே இந்தக் கேள்வியே எழாது.

ஜீரோ, ஜீரோன்னு சொல்றாங்களே, அவ்வளவு தூரம் போகணுமா?

அருணாச்சலப் பிரதேசத்தில் ஜீரோ பள்ளத்தாக்கு. 2012-இலிருந்து அங்கே அபதானி மக்களின் ஊரில் செப்டம்பர்வாக்கில் இசைவிழா நடக்கிறது. வயல்களுக்கு நடுவில் மூங்கிலால் கட்டிய மேடை. வெளிமாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், நாஹர்லகுன்வரை ரயில், அப்புறம் மலைப்பாதையில் வண்டி. மழை நிச்சயம், சேறு அதைவிட நிச்சயம். நல்ல பூட்ஸ் வாங்கிவிட்டுப் பேசுங்கள். முதல் கச்சேரியாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பத்துக் கச்சேரி பார்த்த பிறகு போனால் பெயர் தெரியாத குழுக்களைக் கேட்கவே போவீர்கள், அப்போதுதான் அந்தப் பயணம் பலிக்கும்.

போனேன். எல்லாரும் உருகினாங்க, எனக்கு ஒண்ணுமே ஆகல. என்கிட்டதான் கோளாறா?

இல்லை. அன்றைக்கு ஒலி சரியில்லாமல் இருந்திருக்கலாம், நின்ற இடம் தப்பாக இருந்திருக்கலாம், குழுவே களைத்திருக்கலாம். நாலு ஊரில் நாலு நாள் தொடர்ந்து பாடிவிட்டு வந்தவர்களின் கண்ணில் அது தெரியும். எனக்குப் பிடித்த ஒரு குழுவை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை பிரமாதம், இரண்டாவது சுமார், மூன்றாவது பாதியில் வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டேன். இடத்தை மாற்றி, முடிந்தால் உட்காரும் அரங்கில், இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்களுக்கு வேறு இசை.

வீட்டுக்கு வந்து அதே பாட்டைப் போட்டா சப்புன்னு இருக்கே?

எல்லோருக்கும் ஆகும். இரண்டு மூன்று நாள் அந்தப் பாட்டைத் தொடாமல் விடுங்கள். நான் கச்சேரியில் பார்த்த அந்த அறிமுகப் பையனின் பாட்டைத் தேடிக் கேட்பேன். பெரும்பாலும் இரண்டே பாட்டுதான் போட்டிருப்பார், ஒன்றில் பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.